கிராஸ் அனுப்புதலும் கோலாக்குதலும்: வீரர்களைப் பழக்கும் முறை

கால்பந்தில் கிராஸ் (பக்கவாட்டிலிருந்து கோலுக்கு முன்னே பந்தை அனுப்புதல்) பயிற்சி என்றதும் பயிற்றுநரின் கண் பெரும்பாலும், பக்கவாட்டில் ஆடும் தாக்குநரான விங்கரின் காலிலேயே நிற்கிறது. ஆனால், நன்றாக அனுப்பிய பந்துகூடப் பல வேளைகளில் வீணாவதற்குக் காரணம், அதைக் கோலாக்க வேண்டியவர் முன்கூட்டியே ஓடிவந்து தடுப்பாட்டக்காரரின் அருகில் அசையாமல் நின்றுவிடுவதுதான். ஆகவே இரண்டையும் ஒரே பயிற்சியாகக் கற்பிக்க வேண்டும்.

முதலில் இருவருக்கும் பொதுவான ஓர் அடையாளத்தைப் பழக்குங்கள். விங்கர் பந்தைச் சற்று முன்னே தட்டிவிட்டு, ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, மீண்டும் பந்தை நோக்கிக் குனியும் கணத்தில்தான் முன்கள வீரர் வேகமெடுக்க வேண்டும். அதுவரை அவர் தடுப்பாட்டக்காரரின் முதுகுப்புறத்தில், பந்தையும் தம்மையும் அந்தத் தடுப்பாட்டக்காரரால் ஒருசேரப் பார்க்க இயலாத இடத்தில் காத்திருக்கட்டும். இளம் வீரர்களுக்கு இந்தக் காத்திருப்பு மிகவும் கடினம். இதற்கு எத்தனை வகுப்புகள் செலவானாலும் தகும்.

ஓடுபவர்கள் ஓரிடத்தில் குவியக் கூடாது. ஒருவர் அருகிலுள்ள கம்பத்துக்கும், இன்னொருவர் தொலைவிலுள்ள கம்பத்துக்கும், மூன்றாமவர் சற்றுத் தாமதித்து, கோல் கோட்டிலிருந்து 11 மீட்டரில் உள்ள பெனால்டி புள்ளிக்கும் வரவேண்டும்.

விங்கர் கோல் கோடு வரை சென்றுவிட்டால், அந்த மூன்றாமவருக்குப் பந்தைத் தரையோடு பின்னோக்கித் தருவதே என் கருத்தில் மிகச் சிறந்த வழி. தடுப்பாட்டக்காரர்கள் தங்கள் கோலை நோக்கி ஓடிக்கொண்டிருப்பதால் உடனே திரும்ப முடியாது. பந்துக்குப் பின்னால் இருப்பவருக்கு ஆஃப்சைடும் (விதியை மீறி முன்னேறி நிற்கும் தவறு) கிடையாது. முன்னதாகவே அனுப்புவதாயின், கோல்கீப்பருக்கும் தடுப்பாட்டக்காரர்களுக்கும் இடைப்பட்ட வெளியில் பந்து வேகமாக வளைந்து வரவேண்டும். கோலுக்கு முன்னுள்ள 5.5 மீட்டர் பகுதிக்குள் மெதுவாக மிதந்து இறங்கும் பந்து கோல்கீப்பரின் கைக்கே போகும்.

வரும் பந்திலேயே போதிய வேகம் இருப்பதால், கோலாக்குபவர் ஓங்கி உதைக்கத் தேவையில்லை. பாதத்தின் உட்புறத்தால் ஒரே தொடுகையில் திசைமாற்றினால் போதும். தலையால் முட்டும்போது கண்களைத் திறந்தபடி, நெற்றியால் பந்தின் மேற்பாதியை முட்டிக் கீழ்நோக்கி அனுப்பச் சொல்லுங்கள். சிறுவர்களுக்குத் தலையால் முட்டும் பயிற்சியைத் தவிர்த்து, தரைப் பந்துகளையே கொடுங்கள்.

தொடக்கத்தில் எதிர்ப்பின்றிப் பழக்கி, ஓட்டத்தின் நேரம் பிடிபட்டதும் மூன்று தாக்குநருக்கு இரண்டு தடுப்பாட்டக்காரரையும் கோல்கீப்பரையும் சேர்க்கவும். அப்போது நீங்கள் விங்கரின் பக்கத்தில் நிற்காமல் பெனால்டி பகுதியின் விளிம்பில் நில்லுங்கள். யார் எப்போது ஓடத் தொடங்கினார் என்பது அங்கிருந்துதான் தெளிவாகத் தெரியும்.