கீழே விழுந்த சாவி வாட்சைப் பழுதுபார்க்கக் கொடுக்கும் முறை

அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா தரையில் விழுந்து நின்றுபோன பிறகு, வேலூரில் அதைச் சரிசெய்து வாங்குவதற்குள் நான் கற்றவற்றை, முதன்முறையாக ஒரு சாவி வாட்சைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர்களுக்காக எழுதுகிறேன். பேட்டரி வாட்சுக்கு இவற்றில் பெரும்பாலானவை பொருந்தா.

படி 1: நின்ற வாட்சை உலுக்கி ஓட வைக்க முயலாதீர்கள். டயல், முட்கள், பின்மூடி ஆகியவற்றை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள்.

படி 2: கோளாறு எங்கே என்று ஓரளவு கண்டறியுங்கள். இந்தப் படியைத்தான் பலரும் கடைக்காரரிடமே விட்டுவிடுகிறார்கள். மெதுவாகச் சாவி கொடுத்துப் பாருங்கள். இறுக்கமே ஏறாமல் சுற்றிக்கொண்டே இருந்தால், வாட்சை ஓட்டும் சுருளான மெயின் ஸ்பிரிங் அறுந்திருக்கலாம். சாவி முழுவதும் ஏறியும் ஓடவில்லை என்றால், அல்லது ஓடி ஓடி நிற்கிறது என்றால், வாட்சைக் காதருகே வைத்து, டயல் மேல்நோக்கி இருக்கும்போதும் கீழ்நோக்கி இருக்கும்போதும் டிக் ஓசையைக் கேளுங்கள். ஜனதா போன்ற வாட்ச் மணிக்கு 18,000 முறை, அதாவது நொடிக்கு 5 முறை துடிக்க வேண்டும். ஒரு நிலையில் தெளிவாகத் துடித்து மறுநிலையில் ஓசை தளர்ந்தாலோ நின்றாலோ, முன்னும் பின்னும் ஆடி வாட்சின் துடிப்பைத் தரும் பேலன்ஸ் வீலைத் தாங்கும் பேலன்ஸ் ஸ்டாஃப் என்ற அச்சின் நுனி வளைந்தோ உடைந்தோ இருக்க வாய்ப்பு அதிகம். அந்த நுனியின் தடிமன் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். டயலில் 'பாராஷாக்' என்று எழுதியிருந்தால் அந்த நுனிகளைத் தாங்கும் கற்களுக்கு அதிர்ச்சி தாங்கும் ஸ்பிரிங் உண்டு என்று பொருள். அது பெரும்பாலான அடிகளைத் தாங்கினாலும் எல்லா அடிகளையும் தாங்குவதில்லை.

வாட்ச் நிற்காமல் திடீரென நாளொன்றுக்குப் பல நிமிடம் வேகமாக ஓடினால், அது பெரும்பாலும் காந்தமேறிய அறிகுறி. காந்தத்தால், பேலன்ஸ் வீலை ஆட்டும் மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் துடிப்பு வேகமாகிறது. இதைக் கடையில் காந்தநீக்கும் கருவியால் சில நொடிகளில் சரிசெய்துவிடலாம். உதிரிப்பாகம் எதையும் மாற்றத் தேவையில்லை.

படி 3: கடையைத் தேர்ந்தெடுங்கள். லாங் பஜார் பக்கம் வாட்ச் கடைகள் இருந்தாலும், பேட்டரியும் பட்டையும் மாற்றுபவர் எல்லோரும் சாவி வாட்சைப் பிரிக்கத் தெரிந்தவர் அல்லர். மேசைமீது லென்ஸ், சிறு திருப்புளிகள், உதிரிப்பாக டப்பாக்கள் வைத்திருக்கும் மூத்த மெக்கானிக்கையே நான் நம்புவேன். கொடுக்கும்போது இப்படிக் கேளுங்கள்: "அண்ணே, மெஷினை முழுசா பிரிச்சு, கழுவி, ஆயில் போடுவீங்களா, இல்ல மேலாப்புல ஆயில் மட்டுமா?" இந்தக் கேள்வி முக்கியம். முதலில் கொடுத்த ஒரு கடையில் 'சர்வீஸ்' என்ற பெயரில் பிரிக்காமலே ஆயில் விட்டுத் தந்தார்கள். வாட்ச் சில நாள் ஓடி மீண்டும் நின்றது. அச்சின் நுனி சேதமடைந்திருக்கையில் ஆயில் அதைச் சரிசெய்யாது. மிகுந்த ஆயில் ஹேர் ஸ்பிரிங்கில் படிந்தால் புதுக் கோளாறையும் சேர்க்கும்.

படி 4: எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பதை எழுதிக் கொடுங்கள். ஜனதாவின் உதிரிப்பாகங்கள் பெரும்பாலும் பழைய இருப்பிலிருந்தோ, பிரித்த வேறு வாட்சுகளிலிருந்தோதான் கிடைக்கின்றன. எச்.எம்.டி.யின் வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அரசு 2016 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. புது ஸ்டாஃப் மட்டும் பொருத்துவது நுட்பமான வேலை என்பதால், பல மெக்கானிக்குகள் வேறொரு வாட்சின் பேலன்ஸ் முழுவதையும் எடுத்துப் பொருத்துகிறார்கள். அதில் தவறில்லை, ஆனால் பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். டயலுக்குப் புது வண்ணம் அடிக்க மட்டும் ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். மங்கிய அசல் டயலே என் கண்ணுக்கு மேலானது. கீறல் விழுந்த பிளாஸ்டிக் கிளாஸைக்கூட முதலில் பாலிஷ் செய்து பார்க்கச் சொல்லலாம்.

படி 5: வாங்கும்போது சோதியுங்கள். முழுச் சாவி கொடுத்து, போனின் நேரத்தோடு சேர்த்து, ஒரு நாள் மேசையில் வைத்துப் பிறகு கையில் கட்டிப் பாருங்கள். பழைய வாட்ச் நாளுக்கு அரை நிமிடம் முன்பின் போவதை நான் ஏற்பேன். மேசையில் சரியாக ஓடி, கையில் கட்டியதும் நின்றால் உடனே திருப்பிக் கொடுங்கள்.

பட்டை பற்றி ஒரு சொல்: ஆம்பூரும் ராணிப்பேட்டையும் தோலுக்குப் பெயர்பெற்ற ஊர்கள்தாம், எனினும் அக்னி நட்சத்திர வெயிலில் வியர்வை தோல் பட்டையை வீணாக்குகிறது. கோடையில் நைலான் பட்டையையே கட்டுகிறேன்.

சேர்க்கை: கையின் அசைவால் தானே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் வாட்சில் சாவி இறுக்கம் ஏறாமல் சுற்றுவது இயல்பா என்று குடியாத்தத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். ஆம், அவற்றில் மெயின் ஸ்பிரிங் நிறைந்ததும் வழுக்கும்படியே அமைக்கப்பட்டிருக்கும்; ஆகவே படி 2-இல் சொன்ன சாவிச் சோதனை அவற்றுக்குச் செல்லாது. மழையில் நனைந்த வாட்சை அரிசியில் புதைத்து வைத்திருப்பதாக இன்னொருவர் எழுதியிருந்தார். வேண்டாம். இரும்புப் பாகங்களில் துரு ஏறுவதற்கு முன், அதே நாளில் மெக்கானிக்கிடம் கொடுத்துப் பின்மூடியைத் திறந்து உலர்த்தச் சொல்லுங்கள்.