பொலிபொனி எண்டா என்ன? பாடிப் பாத்தே விளங்கிக்கலாம்

போன கிழமை மருமகன் கல்முனையில ஒரு பழைய மியூசிக் கீபோட் பாக்கப் போய், போனில படம் அனுப்பிக் கேக்கிறான், "மாமா, பொலிபொனி 64 எண்டு போட்டிரிக்கு, 64 பாட்டு உள்ளுக்கு இரிக்கா?" எண்டு. சிரிச்சிட்டன், ஆனா நானும் ஒருகாலம் அது சவுண்ட் கூட எண்டுதான் நினைச்சிருந்தன்.

சொல்லு கிரேக்கம். பொலி எண்டா பல, போனி எண்டா குரல். தமிழில பல்குரலிசை எண்டு எழுதலாம், ஆனா பல்குரல் எண்டதும் நம்மட ஆக்களுக்கு மிமிக்ரிதான் ஞாபகம் வரும்.

படி 1: எது பொலிபொனி இல்ல எண்டு முதல்ல பிடிங்க. கூத்தில அண்ணாவியார் மத்தளத்தோட பாட, பிற்பாட்டுக்காரர் எல்லாரும் சேந்து எடுப்பாங்க, பத்து தொண்டை இரிக்கும், ஆனா மெட்டு ஒண்டுதான். மட்டக்களப்பு பறங்கியர்ட கல்யாண வீட்டுப் பைலாவில கிட்டார் கோட் (சில சுரத்தை ஒண்டாச் சேத்து அடிக்கிறது) பிடிக்குதே, அதுவும் இல்ல, அது ஒரு மெட்டைத் தாங்கிப் பிடிக்கிற வேலை. பொலிபொனியில ரெண்டு மெட்டும் தன்ட தன்ட வழியில போகோணும், ஆனா ஒண்டோட ஒண்டு இடிக்கக்கூடாது. 1200 ஆம் ஆண்டளவிலயே பரிசில நோத்ர தாம் தேவாலயத்துக்கு பெரோட்டின் எண்ட இசையமைப்பாளர் நாலு குரலுக்கு இப்படி எழுதியிரிக்கார், ஜோர்ஜியா நாட்டு ஊர்ச்சனம் மூண்டு குரலில பாடுறதை யுனெஸ்கோ 2001ல பெருமைப்படுத்தினது.

படி 2: ஒரு கூட்டாளியைப் பிடிங்க. அவர் "ச" வை இழுத்துக்கொண்டு நிக்கட்டும், நீங்க அதுக்கு மேல சங்கராபரண சுரத்தில ச ரி க ப எண்டு ஏறி இறங்குங்க. காது பழகத்தான் இது.

படி 3: இதுதான் விசயம். முதல் வரி: ச ரி க க. ரெண்டாம் வரி: க ப ப மேல் ச. ஒரு சுரத்துக்கு ஒரு தட்டு. நீங்க முதல் வரி பாடி முடிச்சு ரெண்டாம் வரிக்குப் போகேக்க அவர் முதல் வரியைத் தொடங்கோணும், பிறகு நிப்பாட்டாம சுத்திச் சுத்திப் பாடுங்க. ஆரம்பத்தில அவர்ட மெட்டுக்கு இழுபட்டுப் போவீங்க, எல்லாருக்கும் நடக்கிறதுதான், ஒரு காதைப் பொத்திக்கொண்டு பாடுங்க. ஆள் இல்லாட்டி முதல் வரியை போனில றெக்கோட் பண்ணிப் போட்டு, அதுக்கு மேல ரெண்டாம் வரியைப் பாடலாம்.

படி 4: கீபோட்டில இதே சொல்லுக்கு வேற அர்த்தம். ஒரே நேரத்தில எத்தின சுரம் ஒலிக்கலாம் எண்ட கணக்குத்தான் அந்த 64. பத்து விரலுக்கு 64 எதுக்கு எண்டு கேக்கலாம், பெடலை மிதிச்சா விட்ட சுரமும் ஒலிச்சுக்கொண்டே இரிக்கும், சில பியானோ சத்தத்துக்கு ஒரு கட்டையே ரெண்டைத் திண்டிடும், கணக்கு முடிஞ்சா பழைய சுரம் அறுந்துபோகும். 2002 அளவில பொலிபொனிக் றிங்டோன் எண்டு நோக்கியா போனில வந்ததும் இந்த அர்த்தத்திலதான், அதுக்கு முதல் கீக் கீக் எண்டு ஒத்தைச் சத்தம்.

பழகிறவனுக்கு 64 தாராளம் எண்டு சொன்னன், வாங்கிட்டான். வீட்ட கொண்டுவந்து பாத்தா பெடல் வேலை செய்யல்ல.