ஆட்டின் மகாதமனிக்கு ஒரு சமன்பாடு: தண்ணீர் பாட்டிலும் போன் கேமராவும் போதும்

மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ ஆட்டிறைச்சிக் கடையில் காலையிலேயே சொல்லி வைத்தால், இதயத்தோடு ஒட்டிய தடித்த ரத்தக்குழாயை வெட்டித் தருவார்கள். அதுதான் மகாதமனி. எடையை ஏற்ற ஏற்ற அது எவ்வளவு நீள்கிறது என்று அளந்து, அதை ஒரு சமன்பாட்டில் பிடிப்பதுதான் இங்கே வேலை. அன்றே சோதித்துவிடுங்கள். ஃப்ரீசர் வேண்டாம், பனித்துகள் திசுவைக் கிழிக்கும்.

லிட்டருக்கு 9 கிராம் உப்பு கரைத்த தண்ணீரில் போட்டு வையுங்கள். குளச்சலில் இருப்பவர்கள் கடல் தண்ணீரை எடுத்துவிடாதீர்கள். அதில் உப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு, திசு நீரை இழந்து சுருங்கும். ஃபேன் காற்றும் ஆகாது; ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நனையுங்கள்.

குழாயை நீளவாக்கில் பிளந்து விரித்து, சுற்றுத் திசையில் 5 மி.மீ. அகலப் பட்டை வெட்டுங்கள். தடிமனுக்கு வெர்னியரால் நேரடியாக அழுத்தக்கூடாது. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்து அளந்து, கண்ணாடியின் தடிமனைக் கழியுங்கள். 1.5 மி.மீ. பட்டையில் 0.1 பிசகினாலே தகைவு (ஓரலகுப் பரப்பில் விழும் விசை) 7 சதவீதம் தவறும்.

இரு முனையிலும் உப்புத்தாள் வைத்துக் கிளிப் போடுங்கள். கிளிப்புக்குள் பட்டை வழுக்கும். அதனால் கிளிப்பிலிருந்து கிளிப்புக்கு அளக்காமல், நடுவில் மார்க்கரால் இரண்டு புள்ளி வைத்து அவற்றின் இடைவெளியைப் போட்டோவில் அளக்க வேண்டும். இதற்கு இமேஜ்ஜே (ImageJ) என்ற இலவச மென்பொருள் போதும், காசு கொடுத்து எதையும் வாங்காதீர்கள்.

கீழ்க் கிளிப்பில் பாட்டிலைத் தொங்கவிட்டு, 10 மில்லியாகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒவ்வொரு முறையும் 0.098 நியூட்டன் கூடும். முதல் பத்துச் சுற்றை ஏற்றி இறக்கிப் பழக்குங்கள், கணக்கில் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் விசைக்கு எதிரான நீட்சியின் வளைவரை நகர்ந்துகொண்டே இருக்கும், பிறகுதான் நிலைக்கும்.

இனி கணக்கு. விசையை ஆரம்பப் பரப்பால் (அகலம் × தடிமன்) வகுத்து, நீட்சி விகிதத்தால் பெருக்கினால் உண்மைத் தகைவு (த). நீட்சி விகிதம் (நீ) என்பது இப்போதைய புள்ளி இடைவெளியை ஆரம்ப இடைவெளியால் வகுத்தது. அ, ஆ இரண்டும் நாம் கண்டுபிடிக்க வேண்டிய மாறிலிகள்; அ விறைப்பைச் சொல்லும். எக்ஸ்ப் என்பது அடுக்குக்குறிச் சார்பு. 1972இல் டெமிரே என்ற ஆய்வாளர் தந்த வடிவம் இது:

த = அ × (நீ² − 1/நீ) × எக்ஸ்ப்[ஆ × (நீ² + 2/நீ − 3)]

த-வை (நீ² − 1/நீ)ஆல் வகுத்து இயல் மடக்கை (ln) எடுத்து, (நீ² + 2/நீ − 3)க்கு எதிராக வரைந்தால் நேர்கோடு கிடைக்கும். சாய்வு ஆ, வெட்டுத்துண்டு அ-வின் இயல் மடக்கை. லிப்ரே ஆபிஸ் கால்க் விரிதாளே செய்துவிடும், பைத்தானுக்கு அவசரம் இல்லை. நீ 1.1க்குக் கீழே உள்ள புள்ளிகளை விட்டுவிடுங்கள். அங்கே வகுக்கும் எண் பூஜ்யத்தை நெருங்குவதால் சின்னப் பிழையும் பூதாகரமாகும்.

எல்லோரும் சறுக்குவது ஆரம்ப நீளத்தில்தான். சுற்றுத் திசைப் பட்டை இயல்பாகவே வளைந்திருக்கும். சும்மா தொங்கும்போது போட்டோவில் புள்ளி இடைவெளி 20 மி.மீ. என்று தெரியும், 5 கிராம் தொங்கவிட்டு நிமிர்த்தினால் 21. இந்த 1 மி.மீ. என்ன செய்கிறது என்று பாருங்கள். பரப்பு 7.5 சதுர மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 0.9 நியூட்டனில் இடைவெளி 26, 2.4 நியூட்டனில் 30. ஆரம்பம் 20 என்றால் அ 116 கிலோபாஸ்கல், ஆ 1.64. 21 என்றால் அ 158, ஆ 1.74. அதே பட்டை, அதே தண்ணீர், விறைப்பு மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாறிவிட்டது. எனவே 5 கிராமில் எடுத்த நீளத்தையே ஆரம்பமாகக் கொள்ளுங்கள், அதை அறிக்கையிலும் எழுதுங்கள்.

பின்சேர்க்கை: நீளத் திசைப் பட்டைக்கு இதே அ, ஆ பொருந்தவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பொருந்தாது. இந்தச் சமன்பாட்டுக்கு எல்லாத் திசையும் ஒன்றுதான், குழாய்ச் சுவரில் உள்ள கொலாஜன் என்ற புரத நார்களுக்கு அப்படியல்ல. இரண்டு திசையும் வேண்டுமானால் ஹோல்சாப்ஃபெல், காசர், ஆக்டன் மூவரும் 2000இல் தந்த, நார்களின் திசையையும் கணக்கில் எடுக்கும் சமன்பாட்டுக்குப் போங்கள். அதற்கு இரு திசைத் தரவும் கட்டாயம் வேண்டும்.