பச்சைக்காயின் தற்காப்பும் நம் கைத்தவறுகளும்

களக்காடு, சேரன்மகாதேவிப் பக்கத்துத் தோட்டங்களில் பசேலென்று வெட்டி ஏற்றிய ஏத்தன் வாழைத்தார், மூடிய இடத்தில் புகையிட்டுப் பழுக்கவைக்கும் மூட்டம் போட்ட சில நாட்களில் கரும்புள்ளிகளோடு வெளிவந்தால், விவசாயி வியாபாரியைக் குறைகூறுவதும் வியாபாரி தோட்டத்தைக் குறைகூறுவதும் வழக்கம். மரத்தில் இருந்த காலம் முழுவதும் அந்தக் காய் பூஞ்சணத்தோடு போராடிக்கொண்டிருந்தது என்பதை இருவருமே கருதுவதில்லை.

புள்ளி இல்லாத பச்சைக்காயில் நோய் இல்லை என்று எண்ணுவதே முதல் தவறு. ஏனைய தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன. ஆந்த்ரக்னோஸ் எனப்படும் இந்நோய்க்குக் காரணமான கொலட்டோட்ரைக்கம் மியூசே என்னும் பூஞ்சணத்தின் வித்துகள், மழைத்தெறிப்பில் இளங்காயின்மேல் விழுந்து முளைத்து, கருஞ்சுவர் கொண்ட நுண்ணிய ஒட்டுறுப்புகளை அமைத்துக்கொண்டு வாரக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். தோலைத் துளைக்க அவை முயலும்போது காய் வாளாவிருப்பதில்லை. பினைல்அலனைன் என்னும் அமினோ அமிலத்திலிருந்து தொடங்கும் வினைத்தொடரை முடுக்கி, பினைல்பினலினோன் வகையைச் சேர்ந்த, பூஞ்சணத்தைத் தடுக்கும் சேர்மங்களைப் புதிதாக உருவாக்குகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் திராட்சையும் இதே அமினோ அமிலத்திலிருந்து ரெஸ்வெரட்ரால் என்னும் வேறொரு காப்புச் சேர்மத்தை உண்டாக்கக்கூடியது. கொடியின் இலைகள் நோய்க்கு எதிர்வினையாக அதைச் சுரப்பது 1976-இல் கண்டறியப்பட்டது. உறவே இல்லாத இரு பயிர்கள் ஒரே மூலப்பொருளைக் கொண்டு தனித்தனி ஆயுதம் செய்துகொள்வது எனக்கு இன்றளவும் வியப்பளிக்கிறது. ஆனால் இரண்டிலுமே, கனியக் கனிய இந்த ஆற்றல் தளர்ந்துவிடுகிறது.

ஆகவே மூட்டம்தான் நோயைக் கொண்டுவந்தது என்று சொல்வது சரியன்று. உறங்கியதை அது எழுப்புகிறது. கனியும் காயில் சுரக்கும் எத்திலீன் என்னும் வாயுவைப் பூஞ்சணமும் உணர்ந்து, அதையே படையெடுப்புக்கான சைகையாகக் கொள்கிறது என்பது 1994-இல் வெளிவந்த ஆய்வில் தெரியவந்தது. அதே வேளையில் தோலின் செல்களைப் பிணைத்திருக்கும் பெக்டின் இளகுகிறது, சர்க்கரை ஏறுகிறது, காப்புச் சேர்மங்கள் குறைகின்றன. இந்நிலையில் மேற்பரப்பில் மட்டும் தங்கும் பூஞ்சணக்கொல்லியைத் தெளிப்பது வீண்செலவு. பச்சைத் தார்களுக்கிடையே பழுத்த ஒரு சீப்பை விட்டுவைப்பதும் தவறே. அதிலிருந்து வரும் எத்திலீன் அருகிலுள்ள காய்களையும் முன்கூட்டியே கனியத் தூண்டும்.

எல்லாவற்றிலும் எளிதாகத் தவிர்க்கக்கூடியதும், நாள்தோறும் நடப்பதும் காயத்தை அலட்சியப்படுத்துவதுதான். தாரை வரப்பில் இறக்கும்போது ஒரு காய் கல்லில் உரசினால், வாழைக்கறை சொட்டி உறைந்து, கீறல் அடைபட்டதுபோலத் தோன்றும். சில நாட்கள் கழித்து அதே இடத்தைப் பார்த்தால், இரு முனையும் கூர்ந்த கரிய குழிவு ஒன்று, வெளிறிய ஓரத்தோடு விரிந்திருக்கும். காய் இன்னும் பச்சையாகவே இருந்தாலும், தோல் என்னும் கோட்டைச்சுவரைச் சுற்றிவந்து துளைக்க வேண்டிய வேலை பூஞ்சணத்துக்கு அங்கே இல்லை. உரசலைத் தவிர்க்க வைக்கும் மெத்தையிலும் கவனம் வேண்டும். காய்ந்த இலையிலும் பூமடலிலும் இப்பூஞ்சணம் வித்துகளைப் பெருக்குவதால், தோட்டத்தில் கிடந்த ஈரச் சருகைச் சுற்றித் தாரைக் கட்டுவது, காயத்தின் பக்கத்திலேயே வித்தையும் வைத்துக் கட்டுவதாகும்; உலர்ந்த வைக்கோல் மேலானது. காய் நுனியில் ஒட்டியிருக்கும் உலர்ந்த பூவையும் தொங்கும் சருகையும் மழைக்கு முன்பே அகற்றிவிட வேண்டும்.

வீட்டில் செய்யும் தவறு ஒன்றும் உண்டு. பச்சைக்காயைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால், சுமார் 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே தோல் குளிர்க்காயம் பட்டுச் சாம்பல் பூத்துவிடும்.

நன்கு கனிந்த பழத்தில் இயல்பாக வரும் பழுப்புப் பொட்டுகளை நோய் என்று கருதி எறிவோரும் உளர். பழத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும்: வெறும் முதிர்ச்சிப் பொட்டு தட்டையாக, சிறிதாக இருக்கும், நோய்ப்புள்ளியோ குழிந்து, ஒன்றோடொன்று இணைந்து, ஈரம் பட்டால் நடுவில் இளஞ்சிவப்பு கலந்த ஆரஞ்சு நிறத்தில் பசைபோன்ற வித்துத்திரளைக் கக்கும்.