பிசிக்ஸும் வேணும் மெஷின் லேர்னிங்கும் வேணும்னா பிஎச்டி எப்படி தேடுறது

எம்எஸ்சி பிசிக்ஸ் முடிக்கிற பசங்க பாதி பேர் என்கிட்ட கேக்குறது இதுதான், மெஷின் லேர்னிங் பண்ணணும் ஆனா பிசிக்ஸ விட மனசு வரல, எங்க போறதுன்னு. இடம் நிறைய இருக்குப்பா. ஆனா இன்ஸ்டிட்யூட் பேர பாத்து தேடாதீங்க, கைட (உங்க ஆராய்ச்சிய வழிநடத்துற பேராசிரியர) பாத்து தேடுங்க, அஞ்சு வருஷம் நீங்க மல்லுக்கட்டப் போறது அவரோடதான்.

இந்தியாவுக்குள்ளனா நம்ம சென்னை தரமணில ஐஎம்எஸ்சி (கணித அறிவியல் நிறுவனம்), பெங்களூர்ல ஐசிடிஎஸ் (ICTS, தியரி ஆராய்ச்சி மையம்), அப்புறம் ஐஐஎஸ்சில கம்ப்யூடேஷனல் அண்ட் டேட்டா சயின்சஸ்னு தனி டிபார்ட்மென்டே இருக்கு. ஜெஸ்ட், கேட், நெட்னு நுழைவுத் தேர்வுங்க இருக்கு, இதுல எது எங்க செல்லும்னு அந்த வருஷ அறிவிப்ப பாத்துக்கோங்க. கேட் ஸ்கோர் 3 வருஷம் செல்லும், அதனால ஃபைனல் இயர்லயே எழுதிடுங்க. நெட்ல ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி உதவித்தொகை) வந்தா மாசம் 37,000 ரூபா, அப்புறம் எஸ்ஆர்எஃப்னு சீனியர் ஆனா 42,000, வீட்டு வாடகைப்படி தனி. இது 2023 ஜனவரில ஏத்துனது.

யூரோப்ல மேரி கியூரி டாக்டோரல் நெட்வொர்க் (பல நாட்டு இன்ஸ்டிட்யூட்டுங்க சேர்ந்து பிஎச்டிக்கு ஆள் எடுக்குற, ஐரோப்பிய யூனியன் பணம் குடுக்குற திட்டம்) ரொம்ப நல்ல சான்ஸ், படிப்புன்னு இல்லாம வேலைக்கு எடுக்குற மாதிரி கான்ட்ராக்ட் போட்டு சம்பளமே குடுப்பாங்க. ஆனா ஒரு ரூல் இருக்கு, பல பேர் இதுல மாட்டிக்கிறாங்க: வேலைக்கு சேர்றதுக்கு முந்தின 36 மாசத்துல அந்த நாட்டுல 12 மாசத்துக்கு மேல இருந்திருக்கக் கூடாது. ஜெர்மனில ரெண்டு வருஷம் மாஸ்டர்ஸ் முடிச்ச கையோட ஜெர்மனி பொசிஷனுக்கு போட்டா எடுக்க மாட்டாங்க, அதே நெட்வொர்க்ல பிரான்ஸ்லயோ நெதர்லாந்துலயோ இருக்குற பொசிஷனுக்கு தாராளமா போடலாம்.

இப்ப முக்கியமான வேலை. கைடுக்கு மெயில் அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு சின்ன ப்ராஜெக்ட் முடிச்சு வைங்க. டூ-டி ஐசிங் மாடல் எடுத்துக்கோங்க (மேல இல்ல கீழ பாக்குற குட்டி காந்தங்கள், அதாவது ஸ்பின்கள், கட்டம் கட்டமா நிக்குற காந்த மாடல்), 16க்கு 16 லேட்டிஸ் (கட்டம்), பைத்தான்ல மெட்ரோபோலிஸ் மான்டி கார்லோ (ஸ்பின்கள ஒண்ணொண்ணா ரேண்டமா திருப்பிப் பாக்குற முறை) எழுதுங்க, பல டெம்பரேச்சர்ல ஸ்பின் படங்கள சேமிச்சு, ரொம்ப கம்மி டெம்பரேச்சர் படத்தையும் ரொம்ப அதிக டெம்பரேச்சர் படத்தையும் மட்டும் குடுத்து ஒரு குட்டி நியூரல் நெட்வொர்க்க ட்ரெயின் பண்ணுங்க, நடுவுல உள்ளத காட்டும்போது அது எந்த டெம்பரேச்சர்ல குழம்பி பாதிக்குப் பாதின்னு சொல்லுதுன்னு பாருங்க. இந்த மாடல் காந்தத்தன்மைய இழக்குற டெம்பரேச்சருக்கு ஆன்சாகர்ங்கிற விஞ்ஞானி 1944ல கண்டுபிடிச்ச விடை சுமார் 2.269 (மாடலோட சொந்த அளவுல, டிகிரி இல்ல), உங்களுக்கு கொஞ்சம் தள்ளி வரும். ஏன் தள்ளி வருது, லேட்டிஸ 32, 64னு பெருசாக்குனா கிட்ட வருதா, 2.269 பக்கத்துல மெட்ரோபோலிஸ் ஏன் இவ்ளோ நகராம நிக்குது, வுல்ஃப் க்ளஸ்டர் (ஸ்பின்கள கூட்டமா சேர்த்து திருப்புற முறை) போட்டா ஏன் சரியாகுது, இதெல்லாம் நீங்களே உக்காந்து யோசிச்சிருந்தா இன்டர்வியூல பாதி கெணறு தாண்டியாச்சு.

மெயில் பத்து வரிக்கு மேல வேணாம். "உங்க ரிசர்ச் ரொம்ப பிடிக்கும்"னு ஆரம்பிக்காதீங்க, எல்லாரும் அததான் எழுதுறாங்க. ஆர்கைவ்ல (arXiv, ஆராய்ச்சிக் கட்டுரைங்கள இலவசமா போடுற தளம்) அவரோட கடைசி ரெண்டு மூணு பேப்பர படிச்சு, உங்களுக்கு நெஜமாவே புரியாத ஒரு இடத்த கேளுங்க, கீழ உங்க கோடுக்கு லிங்க் குடுங்க. பதில் வரலன்னா ரெண்டு வாரம் கழிச்சு ஒரு தடவ ஞாபகப்படுத்துங்க, அதோட விட்ருங்க.

ஆஃபர் வந்ததும் உடனே சரின்னு சொல்லாதீங்க. அந்த க்ரூப்ல இப்ப இருக்குற ரெண்டு ஸ்டூடன்ட்டுக்கு போன் போட்டு பேசுங்க: சார் வாரத்துல எத்தன தடவ பாப்பாரு, மெஷின் லேர்னிங் ஓட்டுற ஜிபியு கம்ப்யூட்டர் கிடைக்க க்யூல எவ்ளோ நேரம் நிக்கணும், இதுக்கு முன்னாடி சேர்ந்தவங்க எத்தன வருஷத்துல முடிச்சாங்க, நடுவுல யாராவது விட்டுட்டுப் போனாங்களா.