பழைய வீடு வாங்கப் போகிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இரண்டு பேர் வந்து பார்க்கட்டும்

"பேங்க் இன்ஜினியரே வந்து பார்த்துட்டுப் போயிட்டாருங்க, இன்னும் என்ன?" பழைய வீடு விற்கும் இடத்தில் இந்த வார்த்தை தவறாமல் வரும். பேங்க் அனுப்பும் மதிப்பீட்டாளர் வருவது பேங்குக்காக. கடன் திரும்பாவிட்டால் இந்தச் சொத்து என்ன விலைக்குப் போகும், கடன் முடியும்வரை கட்டடம் நிற்குமா என்ற இரண்டு கேள்விக்கும் பதில் எழுதினால் அவர் வேலை முடிந்தது. மொட்டைமாடித் தண்ணீர் எந்தச் சுவருக்குள் இறங்குகிறது, பாத்ரூமுக்குக் கீழே கம்பி என்ன நிலையில் இருக்கிறது என்பதெல்லாம் அவர் பார்க்க வேண்டியவை அல்ல. அந்தக் கவலை முழுக்க உங்களுடையது.

அதற்கு உங்கள் செலவில் இரண்டு பேர் வேண்டும். மனையை அளக்க லைசென்ஸ் பெற்ற சர்வேயர் ஒருவர். கட்டடத்தைப் பார்க்க ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர். புரோக்கர் கூட்டிவருபவரோ, வாட்டர்ப்ரூஃபிங் கம்பெனி "இலவச இன்ஸ்பெக்ஷன்" என்று அனுப்புபவரோ வேண்டாம். முன்னவருக்கு வியாபாரம் முடிய வேண்டும், பின்னவருக்கு வேலை கிடைக்க வேண்டும். இங்கே சொல்வதெல்லாம் சென்னையிலும் சுற்றியும் 1970-களிலிருந்து 90-கள் வரை கட்டிய தனி வீடுகளை மனதில் வைத்து. அதற்கும் முந்தைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளுக்கு (தேக்கு உத்தரத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்து மாடி போட்டவை)த் தனியாகச் சில வார்த்தை உண்டு.

முதலில் மனை

ஆள் வருவதற்கு முன் கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்: கிரயப் பத்திரமும் தாய்ப்பத்திரமும், வில்லங்கச் சான்று, பட்டா, நகரப் பகுதி என்றால் டவுன் சர்வே பதிவேட்டின் நகல், புலப்படம் (எஃப்.எம்.பி.), அனுமதி பெற்ற பிளான். பத்திரத்தில் அளவு அடியில் இருக்கும், பட்டாவில் மீட்டரில் இருக்கும். ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி, அதாவது 223 சதுர மீட்டர். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. பத்திரத்தில் ஒரு கிரவுண்ட் என்று போட்டுவிட்டு பட்டாவில் 214 சதுர மீட்டர் இருந்தால், பேச்சு அங்கேயே நிற்க வேண்டும். தெருவுக்குப் போயிருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்குள் போயிருக்கலாம், பட்டா போட்டபோதே தப்பாகியிருக்கலாம். எது என்று தெரியாமல் விலை பேசக் கூடாது.

அளக்கும்போது நான்கு பக்கத்தை மட்டும் அளந்து எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரியைப் பெருக்குவது பழைய வழக்கம். இதில் ஒரு ஓட்டை உண்டு. 40-க்கு 60 மனை சரியான செவ்வகமாக இருந்தால் இரண்டு மூலைவிட்டமும் 72 அடி 1 அங்குலம் வரும். அதே 40, 60 பக்கங்கள் வைத்து மனை கொஞ்சம் சாய்ந்திருந்தால் ஒரு மூலைவிட்டம் 78 அடியும் இன்னொன்று 65 அடி 8 அங்குலமும் வரும். அப்போது பரப்பு 2,400 அல்ல, சுமார் 2,359. நான்கு பக்கமும் பத்திரத்தோடு ஒத்துப்போகும், ஆனால் 41 சதுர அடி மனையில் இருக்காது. சதுர அடி 12,000 ரூபாய் போகும் தெருவில் அது கிட்டத்தட்ட 5 லட்சம். நடுவில் வீடு நிற்பதால் மூலைவிட்டத்தை டேப்பில் பிடிக்க முடியாது. டோட்டல் ஸ்டேஷன் (ஒளிக்கற்றையால் தூரத்தையும் கோணத்தையும் அளக்கும்) கருவி வைத்திருக்கும் சர்வேயரைத் தேடுவது இதற்காகத்தான்.

தனியார் சர்வேயரின் அளவு உங்களுக்குத் தெளிவு தரும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரை அது கட்டுப்படுத்தாது. எல்லையில் சச்சரவு வாடை அடித்தால், விற்பவரையே அரசு நில அளவைக்கு மனு போடச் சொல்லுங்கள். பேச்சு வழக்கில் எஃப்-லைன் மனு. மனு பட்டாதாரர் பெயரில் போக வேண்டும், வாங்கப் போகிறவர் போட முடியாது. அரசு சர்வேயர் அக்கம்பக்கத்தாருக்கு நோட்டீஸ் கொடுத்துத்தான் அளப்பார் என்பதால், மூடிக்கிடக்கும் பழைய தகராறு ஏதாவது இருந்தால் அன்றைக்கு வெளியே வந்துவிடும். விற்பவர் இதற்குத் தயங்கினால் அந்தத் தயக்கத்தையே ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளலாம்.

காம்பவுண்ட் சுவர் யாருடையது, பொதுச்சுவரா, பக்கத்து வீட்டு சன்ஷேடு உங்கள் மனைக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்பதையும் ஸ்கெட்சில் குறிக்கச் சொல்லுங்கள். அனுமதி பிளானில் தரைத்தளம் மட்டும் இருந்து, நேரில் மாடியும் இருந்தால், மாடிக்கு அனுமதி எங்கே என்று கேளுங்கள். இல்லாவிட்டால் கடனும் சிக்கும், கட்டடக் கணக்கும் சிக்கும். ஒரு தளத்துக்குப் போட்ட அஸ்திவாரத்தின் மேல் இரண்டு தளம் நிற்கிறதோ என்ற சந்தேகம் வரும்.

தெரு மட்டம்

சென்னையில் ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில், பல பழைய வீடுகளின் ஹால் ரோட்டைவிடத் தாழ்ந்துவிட்டது. இதைக் கண்ணால் நிதானிக்க முடியாது. கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். பத்துப் பன்னிரண்டு மீட்டர் ட்ரான்ஸ்பரென்ட் டியூபில் காற்றுக் குமிழ் இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை ரோட்டின் நடு மேட்டிலும் மறுமுனையை ஹால் வாசலிலும் பிடித்தால், தண்ணீர் மட்டத்திலிருந்து தரைவரை உள்ள இரண்டு உயரங்களின் வித்தியாசமே பதில். ஹால் தாழ்ந்திருந்தால் ஒவ்வொரு மழைக்கும் மோட்டார் வைத்து இறைக்க வேண்டிவரும், இல்லையென்றால் ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்க வேண்டிவரும். இரண்டும் விலையில் கழிக்க வேண்டிய செலவு.

வெள்ளம் வந்ததா என்று விற்பவரைக் கேட்டால் "வாசப்படி வரைக்கும்தான்" என்பார். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் எதுவரை தண்ணீர் நின்றது என்று எதிர்வீட்டில் கேளுங்கள். ஈ.பி. மீட்டர் பெட்டி பழைய இடத்திலிருந்து மேலே ஏறியிருக்கிறதா, பிளக் பாயின்ட்டுகள் நான்கடி உயரத்துக்குப் போயிருக்கின்றனவா என்றும் பாருங்கள். சும்மா யாரும் அதை மாற்றுவதில்லை.

கட்டடம்: இன்ஜினியர் என்ன செய்ய வேண்டும்

ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களிலோ, அது ஓய்ந்த இரண்டு வாரத்துக்குள்ளோ பார்ப்பது நல்லது. கோடையில் எல்லா வீடும் காய்ந்துதான் இருக்கும். ஒரே ஒரு அறைக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் அந்த அறையில் கூடுதல் நேரம் செலவிடச் சொல்லுங்கள்.

பெரிய விஷயம் கம்பி. 1978-ஆம் ஆண்டு ஐ.எஸ். 456 (கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி) சொன்னபடி தளத்துக்கு அடியில் கம்பியை மூடிய கான்கிரீட் 15 மில்லிமீட்டர் இருந்தால் போதும், எம்-15 கலவையும் செல்லும் (எண் கூடினால் பலம் கூடும்). 2000-இல் விதி மாறி எம்-20 குறைந்தபட்சம் ஆனது, கம்பியை மூடும் அந்தக் கனமும் கூடியது. ஆக நீங்கள் பார்க்கும் வீடு விதிப்படியே கட்டியிருந்தாலும் அதன் கம்பிக்குப் போர்வை மெல்லியது. காற்றிலுள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் கான்கிரீட்டுக்குள் ஊடுருவி அதன் காரத்தன்மையைத் தின்றுகொண்டே போகும். அது கம்பியைத் தொட்டதும் கம்பிக்கு இருந்த பாதுகாப்பு போய்விடும். பிறகு ஈரம் பட்டால் துரு. துரு, இரும்பைப் போல் இரண்டிலிருந்து ஆறு மடங்கு இடம் கேட்கும். அந்தத் தள்ளலில்தான் சீலிங் பூச்சு பெயர்ந்து விழுகிறது. பூச்சு வேலை சரியில்லை என்று சொல்லி மேலே சிமென்ட் அப்பிவிடுவது நோயை மூடிவைப்பது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. பாத்ரூமுக்குக் கீழே வரும் பீமில், ஓரமாகக் கட்டைவிரல் அளவுக்குச் செதுக்கி, தூசியை ஊதிவிட்டு, ஆல்கஹாலில் கரைத்த ஃபீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளிக்க வேண்டும். கான்கிரீட் நன்றாக இருக்கும் இடம் பளிச்சென்று கருஞ்சிவப்பு ரோஜா நிறமாகும். காரம் போன இடம் நிறம் மாறாமல் சாம்பலாகவே இருக்கும். அந்தச் சாம்பல் பட்டை கம்பிவரை போயிருந்தால், இன்றைக்குத் துரு தெரியாவிட்டாலும் கணக்கு தொடங்கிவிட்டது. செதுக்கிய இடத்தை அன்றைக்கே பூசித் தருவதாக விற்பவரிடம் சொல்லி அனுமதி வாங்குங்கள்.

ரீபவுண்ட் ஹேமர் சோதனை, அதாவது சுத்தியல் போன்ற கருவியால் கான்கிரீட்டில் அடித்து அது எகிறுவதை அளப்பது, பலரும் செய்வார்கள். அதை மட்டும் நம்ப வேண்டாம். அது மேற்பரப்பின் கடினத்தைத்தான் சொல்லும், பலத்தைக் கணிப்பதில் 25 சதவீதம்வரை முன்பின் போகும். அதோடு காரம் போன பழைய மேற்பரப்பு இறுகியிருப்பதால் எண் கூடுதலாகக் காட்டும், அதாவது நோயாளிக்கு நல்ல மார்க். கூடவே அல்ட்ராசோனிக் பல்ஸ் சோதனையும் கேளுங்கள், அது கான்கிரீட்டுக்குள் ஒலி ஓடும் வேகத்தை அளக்கும். நொடிக்கு 3.5 கிலோமீட்டருக்கு மேல் வந்தால் கான்கிரீட் நல்ல நிலை, அதற்குக் கீழே போகப் போகச் சந்தேகம். கடற்கரையை ஒட்டிய திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற இடங்களில் உப்பின் அளவு, அதாவது குளோரைடு சோதனையும் சேர வேண்டும்.

எங்கே சோதிப்பது என்பதில்தான் இன்ஜினியரின் கை தெரியும். ஹாலின் நடுச்சுவரில் பத்து இடம் அடிப்பதைவிட, தரைத்தளத் தூண்களின் அடிப்பகுதி, பாத்ரூம், சமையலறைக்குக் கீழுள்ள தளம், மாடிப்படியின் அடிப்பக்கம், தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் பீம், பால்கனி ஆகியவற்றைப் பார்த்தால் போதும். பால்கனியைக் கீழே நின்று பார்ப்பதில் பாதி பிரயோஜனம்தான். சுவரிலிருந்து நீட்டிய தளத்தில் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்கும். கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்துக் கீழே அமுக்கிவிடுவது சகஜம். அப்படியானால் சுவரை ஒட்டி மேல்பக்கத்தில் குறுக்கே விரிசல் வரும். டைல்ஸை மீறியும் சில சமயம் தெரியும்.

விரிசல்களில் பயப்பட வேண்டியதும் வேண்டாததும் உண்டு. தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேராக ஓடும் மயிரிழை, மொட்டைமாடித் தளத்துக்குக் கீழே வெயிலால் வரும் கிடைமட்டக் கோடு, இரண்டும் பெரும்பாலும் பூச்சு விவகாரம். ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு போல் இறங்கும் விரிசல், ஒரு முனையில் அகலமாகி மறுமுனையில் குறுகும் விரிசல், 5 மில்லிமீட்டரைத் தாண்டிய விரிசல் ஆகியவை அஸ்திவாரத்தின் பேச்சு. வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் சதுப்பு, களிமண் நிலங்களில் இது கூடுதல் கவனத்துக்குரியது. விரிசலின் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டை எப்பாக்ஸி வைத்து ஒட்டி, தேதி எழுதி, சில வாரம் விடுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. பக்கத்து மனையில் புதிதாக பேஸ்மென்ட் தோண்டினார்களா என்றும் விசாரியுங்கள்.

மொட்டைமாடியில் ஒழுகல் நின்றிருக்கும், காரணத்தைக் கேளுங்கள். பழைய தட்டோட்டைப் பெயர்க்காமல் அதன் மேலேயே இன்னொரு மூன்றங்குல செங்கல் ஜல்லி வெதரிங் கோர்ஸ் (வெயில், மழை தாங்கப் போடும் அடுக்கு) போட்டிருந்தால், 1,000 சதுர அடிக்குச் சுமார் 13 டன் எடை கூடியிருக்கிறது. கைப்பிடிச் சுவரின் உட்புற உயரத்தை அளந்து பழைய பிளானோடு ஒப்பிட்டால் எத்தனை அடுக்கு என்று தெரிந்துவிடும். தண்ணீர் போகும் குழாயை அடைத்து இரண்டங்குலம் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் வைக்கும் சோதனையை மாடித் தளத்துக்கும், 24 மணி நேரம் பாத்ரூமுக்கும் கேளுங்கள். மெட்ராஸ் டெரஸ் என்றால் தண்ணீர் கட்டக் கூடாது. அங்கே தேக்கு உத்தரங்கள் சுவருக்குள் நுழையும் முனைகளைக் கூர்மையான ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். நடுப்பகுதி கல் போல் இருந்தாலும் கரையானும் ஈரமும் தின்பது முனையைத்தான். 1,000 லிட்டர் சின்டெக்ஸ் நிறைந்தால் ஒரு டன். அதை அந்த மாடியில் யாராவது ஏற்றி வைத்திருந்தால் முதலில் அதன் அடியைப் பாருங்கள்.

ஒயரிங், குழாய் இரண்டையும் சுருக்கமாக முடித்துவிடலாம், ஏனெனில் பழைய வீட்டில் இரண்டையும் மாற்றத்தான் போகிறீர்கள். எலக்ட்ரீஷியன் 500 வோல்ட் மெக்கரில் (ஒயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) ஒவ்வொரு சர்க்யூட்டையும் பார்த்து ஒரு மெகாஓமுக்குக் கீழே எது வருகிறது என்று எழுதித் தரட்டும். எர்த் உண்மையில் இருக்கிறதா என்றும் அளக்கட்டும். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் என்றால் உள்ளே துருவால் வழி குறுகியிருக்கும். மேல்மாடி டாய்லெட்டில் கலர் கரைத்த தண்ணீரை ஊற்றி வெளியே சேம்பர் மூடியைத் திறந்து பாருங்கள்: வருகிறதா, எவ்வளவு நேரத்தில், பாதி எங்காவது மண்ணுக்குள் போகிறதா?

வீட்டை இடித்துக் கட்டத்தான் வாங்குகிறீர்கள் என்றால் இந்தக் கட்டட ஆய்வு முழுதும் தேவையில்லை. மனை அளவும், தெருவின் அகலமும், நான்கு பக்கம் விட வேண்டிய இடமும்தான் விலை.

அறிக்கை வந்த பிறகு

"கட்டடம் திருப்திகரமாக உள்ளது" என்று ஒரு பக்கம் எழுதித் தந்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள். எந்த இடத்தில் எந்தச் சோதனை, என்ன எண், போட்டோ, உடனே செய்ய வேண்டிய வேலை, ஐந்து வருடத்துக்குள் வரும் வேலை, தொடவே முடியாத குறை என்று பிரித்து எழுதியிருக்க வேண்டும். உடனடி வேலையின் செலவை விலையில் பேசலாம். தொடவே முடியாததைப் பேரம் பேசிப் பயனில்லை, விலகிவிடுவதுதான்.

1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை தனக்குத் தெரிந்திருந்தால் அதை விற்பவர் சொல்ல வேண்டும் என்கிறது. பார்த்தால் தெரியக்கூடிய குறைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதனால் டோக்கன் தொகை சின்னதாக இருக்கட்டும். அட்வான்ஸ் எழுதும் ஒப்பந்தத்தில், மனை அளவு இத்தனை சதுர அடிக்கு மேல் குறைந்தாலோ, கட்டட ஆய்வில் தூண், பீம், தளம், அஸ்திவாரத்தில் குறை வந்தாலோ முழுத் தொகையும் இத்தனை நாளுக்குள் திரும்ப வேண்டும் என்று வக்கீலை வைத்து எண்ணோடு எழுதுங்கள்.

பத்திரப்பதிவு அன்று காலை, சாமான்களை எல்லாம் எடுத்த பிறகு ஒருமுறை வீட்டுக்குப் போய் வாருங்கள். பீரோவுக்குப் பின்னால் இருந்த சுவரையும், லாஃப்டின் உள்மூலையையும், கட்டிலுக்கு அடியில் இருந்த தரையையும் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்ப்பீர்கள். டார்ச் எடுத்துப் போங்கள், ஈ.பி. லைனை அதற்குள் நிறுத்தியிருந்தாலும் இருப்பார்கள்.