முதியோர் இல்லத்திலிருந்து வைத்தியருக்கும் வீட்டாருக்கும் எப்படிச் சொல்வது

"ஐயாவுக்கு இன்று கொஞ்சம் சுகமில்லை" என்று வெள்ளவத்தையிலுள்ள ஒரு முதியோர் இல்லத்திலிருந்து தொலைபேசியில் சொன்னால், வைத்தியரால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. அந்த முதியவர் வழக்கமாக எப்படி இருப்பவர், எதில் மாறியிருக்கிறார், எப்போதிலிருந்து என்பவை வைத்தியருக்குத் தெரிய வேண்டும். அதனால் ஒருவர் இல்லத்துக்கு வந்த முதல் வாரத்திலேயே அவருடைய நடை, பேச்சு, உணவு, உறக்கம், எடை, இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும்.

மாற்றங்களுள் மிக எளிதாகத் தவறவிடப்படுவது திடீர்க் குழப்பம். முதுமையில் சிறுநீர்த் தொற்றும் நிமோனியாவும் காய்ச்சலே இல்லாமல் வந்து, மனத்தடுமாற்றமாகவோ ஓயாத தூக்கமாகவோ மட்டும் தெரியக்கூடும். மறதிநோய் மாதக்கணக்கில் வளர்வது; சில மணி நேரத்தில் வந்த குழப்பத்தை "வயது போனால் அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது. சத்தம் போடுபவரை எல்லோரும் கவனிப்பார்கள், பேசாமல் சுருண்டு கிடப்பவரைத்தான் நாம் தேடிச் சென்று பார்க்க வேண்டியிருக்கிறது.

வைத்தியரை அழைக்குமுன் வெப்பநிலை, நாடி, இரத்த அழுத்தம், மூச்சு எண்ணிக்கை, ஒட்சிசன் அளவு ஆகியவற்றையும், நீரிழிவு உள்ளவராயின் குருதிச் சீனியையும் அளந்து, கிளினிக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். "82 வயது, நீரிழிவு உள்ளவர். நேற்று மாலை வரை பத்திரிகை வாசித்தவருக்கு இன்று காலை 6 மணியிலிருந்து மகளை அடையாளம் தெரியவில்லை. வெப்பநிலை 37.4 பாகை, மூச்சு நிமிடத்துக்கு 26, ஒட்சிசன் 91 வீதம், சீனி 140. மார்புத் தொற்றோ என்று ஐயப்படுகிறேன். வந்து பார்ப்பீர்களா, வைத்தியசாலைக்கு அனுப்பட்டுமா?" இவ்வளவு போதும். கிடைக்கும் அறிவுறுத்தலை எழுதி, திரும்ப வாசித்துக் காட்டுங்கள். வைத்தியர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பேசினால், முதியவர் தமிழில் சொன்னதைப் பிசகாமல் மாற்றிச் சொல்வது முக்கியம்: "நெஞ்சை அடைக்கிறது" என்பதும் "நெஞ்சு எரிகிறது" என்பதும் ஒன்றல்ல.

வாய் கோணினாலோ, ஒரு கை சோர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ வைத்தியரின் பதிலுக்குக் காத்திராமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக 4.5 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதால், அவரைக் கடைசியாக நலமாகக் கண்ட நேரத்தையும் சொல்லி அனுப்புங்கள். இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர் விழுந்து தலையில் அடிபட்டால், எழுந்து நன்றாகப் பேசினாலும் உடனே வைத்தியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

வீட்டாருள் யாருக்கு முதலில் சொல்வது என்பதை, முதியவர் தெளிவாக இருக்கும்போதே அவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். வெளிநாட்டிலுள்ள மூத்த மகனைத்தான் அவர் சொல்வார் என்று நாமாக நினைக்கிறோம். வாராவாரம் வந்து பார்க்கும் மருமகளின் பெயரைச் சொல்பவர்களும் உண்டு. சொல்ல வேண்டியவர் டொரன்டோவில் இருந்தால், அங்குள்ள நேரம் கோடையில் கொழும்பைவிட 9.5 மணியும் குளிர்காலத்தில் 10.5 மணியும் பின்தங்கியது. எந்த நிலையில் நள்ளிரவிலும் எழுப்பலாம் என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அழைக்கும்போது நடந்ததையும், செய்ததையும், அடுத்து எத்தனை மணிக்கு அழைப்பீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நோயின் பெயரை வைத்தியர் உறுதிசெய்யுமுன் நீங்கள் சொல்லாதீர்கள். படுக்கையில் கிடப்பவரின் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம்.